பொதிகை மலைக்கு பத்தமடை பாய் போதுமா, காத்தடிக்கிற பேட் வாங்கணுமா? மருத்துவர் பதில்

கேள்வி: டாக்டர், எனக்கு 46 வயசு, ஊர் அம்பாசமுத்திரம். ஜனவரில கூட்டாளிகளோட பொதிகை உச்சி அகத்தியர்கூடம் ஏறப் போறோம், ரெண்டு ராத்திரி தரையிலதான் படுக்கணுமாம். போன வருஷம் ஸ்கேன்ல கீழ்முதுகு எலும்புகளுக்கு நடுவுல இருக்குற எல்4-எல்5 டிஸ்க் லேசா பிதுங்கியிருக்குன்னு சொன்னாங்க, இப்ப பெரிய வலி இல்ல. ஒருக்களிச்சு படுத்தாதான் எனக்கு தூக்கம் வரும். வீட்டுல பத்தமடை பாய சுருட்டிட்டுப் போனா போதும்ங்காங்க, பயலுவ காத்தடிச்சு மேல படுக்குற பேட் வாங்கச் சொல்லுதானுவ. வெயிட்டும் கம்மியா இருக்கணும், முதுகும் தாங்கணும். எத வாங்க?

பதில்: அண்ணாச்சி, மொதல்ல அந்த ஸ்கேன் பயத்த விடுங்க. நாப்பது வயசுக்காரங்கள்ல வலியே இல்லாதவங்களுக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பாத்தாக்கூட கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு டிஸ்க் கொஞ்சம் பிதுங்கித்தான் இருக்கும், அதுக்காக மலை ஏறக்கூடாதுன்னு எந்த சட்டமும் இல்ல. பாபநாசத்துல நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே வளந்த மலைதான், ஆனா ஏறணும்னா மட்டும் திருவனந்தபுரம் பக்கம் போனக்காடு சுத்திப் போகணும், அது ஒரு தனி வயித்தெரிச்சல், விடுங்க.

நீங்க ஒருக்களிச்சு படுப்பேன்னு எழுதுனதுதான் இதுல முக்கியமான விஷயம். மல்லாக்க படுக்குறவங்களுக்கு உடம்பு வெயிட்டு முதுகு பூரா பரவிரும், ஒருக்களிச்சா தோள்பட்டையும் இடுப்பெலும்பும் மட்டும்தான் தரையில குத்தும், நடுவுல இடுப்பு அந்தரத்துல தொங்கும், முதுகெலும்பு ஒரு பக்கமா வளையும், அத இழுத்துப் பிடிச்சுக்கிட்டு தசை ராத்திரி பூரா வேல பாக்கும். வலி தாங்காம அரை மணிக்கொருக்க பொரண்டு பொரண்டு படுப்பிய, காலைல எந்திரிக்கையில முதுகு பலகையா இருக்கும். இடுப்பெலும்பு பக்கவாட்டுல தோலுக்கு அடியில சின்ன நீர்ப்பை ஒண்ணு இருக்கு, தரையில அழுந்தி அழுந்தி அதுவும் வீங்கிட்டுன்னா மறுநாள் இறக்கத்துல ஒவ்வொரு எட்டுக்கும் வலிக்கும்.

முதுகு வலின்னா கட்டாந்தரையில படுன்னு நம்ம ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க, வைத்தியம் பாக்குறவங்களே சொல்லுவாங்க. 2003ல லான்செட் பத்திரிகையில ஸ்பெயின்ல நடந்த ஒரு ஆய்வு வந்துச்சு, நாள்பட்ட முதுகு வலி உள்ள 313 பேர்ல பாதிப் பேருக்கு கெட்டி மெத்தையும் மீதிப் பேருக்கு நடுத்தரமான மெத்தையும் குடுத்துப் பாத்தாங்க, 90 நாள் கழிச்சு நடுத்தர மெத்தைக்காரங்களுக்குத்தான் வலி கூடுதலா கொறஞ்சிருந்துச்சு. கெட்டித் தரை நல்லதுங்கிறத நானும் நம்புறதில்ல.

இப்ப பாய். தாமிரபரணிக் கரை கோரையில நெய்ஞ்ச பாய்க்கு ஈடு எதுவும் இல்ல, கல்யாணத்துக்கு பேர் போட்டு வாங்குற பட்டுப்பாய தொட்டுப் பாத்தவங்களுக்குத் தெரியும். ஆனா அண்ணாச்சி, பாய் நம்ம சித்திரை வெயிலுக்காக உண்டானது, மேல படுத்தா உடம்புச் சூடு கீழ எறங்கணும், ஜில்லுன்னு இருக்கணும். மலைல ராத்திரி நமக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிர். ஸ்லீப்பிங் பேக் இருக்கே குளிர் தாங்குமேன்னு நினைக்காதிய, உடம்புக்கு அடியில மாட்டுற பக்கம் அமுங்கி அதுல இருக்குற காத்து வெளிய போயிரும், அப்புறம் அந்தப் பக்கம் குளிரத் தடுக்க ஒண்ணும் இருக்காது, தரை உங்க சூட்ட உறிஞ்சிக்கிட்டே இருக்கும். குளிர்ல தசை இறுகுனா பழைய வலி எந்திரிச்சு வரும்.

பேட் எவ்வளவு குளிர் தாங்கும்னு பாக்க ஆர் வேல்யூன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, கூட இருந்தா கூட சூடு. முந்தி ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு போட்டுச்சு, 2020 வாக்குல இருந்து பெரிய கம்பெனியெல்லாம் ஏஎஸ்டிஎம் எஃப்3340ங்கிற ஒரே டெஸ்ட் முறைல அளந்து போடுதாங்க, அதனால இப்ப ஒப்பிட்டுப் பாக்கலாம். பொதிகைக்கு 2 போதும். பின்னால எப்பவாவது இமயமலை பக்கம் பனியில படுக்கணும்னா 4, 5 வேணும், அப்ப ஃபோம் பேட் மேல காத்து பேட போட்டுக்கிடலாம், ரெண்டு நம்பரும் கூடிக்கிடும்.

மடிக்கிற ஃபோம் பேட், உதாரணத்துக்கு தெர்மாரெஸ்ட் இசட் லைட் சோல், 410 கிராம்தான், ஆர் 2, முள்ளு குத்துனாலும் ஒண்ணும் ஆகாது, ஆனா 2 சென்டிமீட்டர் கனத்துல உங்க இடுப்பு தரையத் தொட்டுரும். உங்க கூட்டாளிய மல்லாக்க படுக்குற ஆளா இருந்தா அவுகளுக்கு அது அருமை. தானா ஊதிக்கிற வகை படுக்க நல்லாருக்கும், ஆனா முக்காவாசி மாடல் முக்கால் கிலோவுக்கு மேல போயிரும். உங்களுக்கு காத்தடிக்கிறதுதான் சரி, பயலுவ சொல்லுததக் கேளுங்க. 7 சென்டிமீட்டருக்குக் குறையாத கனம், வெயிட்டு 400ல இருந்து 600 கிராம், தோள் அகலமா இருந்தா அகலமான சைஸ். ஆர் வேல்யூவே போடாத மலிவு பேட் வேண்டாம், உள்ள வெறும் காத்து மட்டும் இருந்தா அது சுத்திக்கிட்டே இருந்து முதுகக் குளிர வச்சிரும்.

வாங்குனவங்க நெறைய பேரு விண்ணுன்னு காத்தடிச்சுட்டு லாரி டயர் மேல படுத்த மாதிரி இருக்குன்னு திட்டுதாங்க. நெறைய அடிச்சுட்டு மேல ஒருக்களிச்சு படுத்துக்கிட்டே வால்வ கொஞ்சங் கொஞ்சமா தொறந்து விடுங்க, இடுப்பு உள்ள எறங்கணும், ஆனா தரையில முட்டக்கூடாது, அந்த எடத்துல மூடிருங்க. வாயால ஊதாதிய, ஏறி வந்த களைப்புல கிறுகிறுன்னு வரும், எச்சி ஈரம் உள்ள போயி நாளாவட்டத்துல பூஞ்சையும் பிடிக்கும், வீசிங் உள்ளவங்களுக்கு அது ஆகாது. காத்து நெரப்புற பம்ப் பை நெறைய பேட்டோட கூடவே வரும். ஒட்டுப்போடுற பேட்சும் ஒண்ணு பையில கெடக்கட்டும்.

ரெண்டு முட்டிக்கும் நடுவுல துணிப்பொதி ஒண்ணு வச்சுக்கிட்டா இடுப்பு முறுக்காது, இது பேட் விலையில பாதிக்குச் சமானம், காசும் இல்ல. எந்திரிக்கையில விருட்டுன்னு எந்திரிக்காம பக்கவாட்டுல உருண்டு கையூணி எந்திரிங்க. பேட்ல 200 கிராம் மிச்சம் பிடிக்க இம்புட்டு யோசிக்கிய, பையில தேவையில்லாத துணிய ரெண்டு கிலோ கட்டாதிய, இடுப்புல பெல்ட்டு உள்ள பைய எடுத்துக்கிடுங்க. போறதுக்கு முன்ன வீட்டு மொட்டை மாடில நாலஞ்சு ராத்திரி அந்தப் பேட்ல படுத்துப் பாருங்க, சரிப்படலேன்னா மாத்திக்கிட நாள் இருக்கும்.

வலி பின்னந்தொடை தாண்டி காலுக்கு எறங்குனாலோ, பாதம் தூக்க வராம இழுத்தாலோ பயணத்த தள்ளிப் போட்டுட்டு டாக்டரப் பாருங்க. ஒண்ணுக்கு போற எடத்துல மரத்துப் போனாலோ, ஒண்ணுக்கு அடைச்சுக்கிட்டாலோ அது அவசரம், அன்னைக்கே ஆஸ்பத்திரி.

இன்னொண்ணு, பேட் இருக்கேன்னு வழியில புல்லுல, புதருக்குள்ள வெறும் உடம்போட சாயாதிய. ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல பரப்புற கண்ணுக்குத் தெரியாத பூச்சி அங்கதான் இருக்கும், மழை முடிஞ்ச குளிர் மாசங்கள்ல நம்ம பக்கம் அது சகஜம். திரும்பி வந்து மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, அக்குள், தொடை இடுக்குல சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கான்னு பாருங்க, இல்லாட்டியும் டாக்டர்ட்ட காட்டுக்குப் போனேன்னு சொல்லிருங்க, டாக்சிசைக்ளின் நேரத்துக்கு ஆரம்பிச்சா சட்டுன்னு அடங்கிரும்.