சுசுகி எல்டி500ஆர் குவாட் ஏன் திடீரென்று பாய்கிறது?

1987 முதல் 1990 வரை வந்த இந்த 500 சிசி டூ ஸ்ட்ரோக் குவாடை (கரடுமுரடான பாதையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) அமெரிக்காவில் 'குவாட்ஸில்லா' என்பார்கள். மெதுவாக ஓட்டினால் சாதுவாக இருக்கும். இன்ஜின் சுழற்சி ஒரு அளவைத் தாண்டியதும் முழு பலமும் ஒரேயடியாக வரும். அந்தச் சுழற்சி எல்லைதான் பவர் பேண்ட்.

காரணம், வயிறு பெருத்த அந்த சைலன்சர் குழாய். வெளியேறும் அழுத்த அலை அதன் குறுகும் முனையில் மோதித் திரும்பி, வெளியே நழுவும் புதுப் பெட்ரோல்-காற்றுக் கலவையை சிலிண்டருக்குள் தள்ளிவிடும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால்தானே உயரப் போகும்? அலையும் குறிப்பிட்ட சுழற்சியில்தான் நேரத்துக்கு வந்து சேரும். ஆகவே வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தவே கூடாது. பின்சக்கரங்கள் சட்டென்று வழுக்கிவிடும்.

வாங்குவதாக இருந்தால் முதலில் கம்ப்ரெஷனை (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) அளந்து பாருங்கள், அப்புறம் கிராங்க் சீல்கள் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் வளையங்கள்). சீல் தேய்ந்தால் காற்று புகுந்து, பெட்ரோல் விகிதம் குறைந்து, பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

பெட்ரோலில் ஆயில் கூடக் கலந்தால் இன்ஜினுக்குப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஆயில் கூடும் அளவுக்குக் கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறத்தான் செய்யும்.