மடிநோய்க்கு ஊசி போடுமுன் பால் பரிசோதனை எதற்கு?

கேள்வி: கலப்பின ஜெர்சி மாடு, கன்று ஈன்று இரண்டு மாதம் ஆகிறது. ஒரு பின்காம்பில் பால் திரிதிரியாக வருகிறது. காய்ச்சல் இல்லை, தீவனம் எடுக்கிறது. பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்கு ஓர் ஊசி போட்டு மூன்றே நாளில் சரியாகிவிட்டது. அதையே போடச் சொன்னால், டாக்டர் பாலை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்கிறார். தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. அந்த மாடு ஊசி இல்லாமலேயே தேறியிருக்கலாம். ஈ.கோலை கிருமியால் வரும் லேசான மடிநோயில், திரி கண்ணில் படுவதற்குள் மாட்டின் எதிர்ப்பு சக்தியே பெரும்பாலும் கிருமியை ஒழித்துவிடும். நோயுற்ற மாடுகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் மருந்து கொடுத்து ஒப்பிட்டபோதுதான் இது தெளிவானது. ஒற்றை மாட்டைப் பார்த்து, மருந்தால் ஆறியதா தானாக ஆறியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

எந்தக் கிருமி என்று பால் பரிசோதனைதான் சொல்லும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி என்றால் ஆன்டிபயாடிக் நன்றாகக் கேட்கும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியோ மடிக்குள் ஆழமாகப் பதுங்கிவிடும். பால் தெளிந்தாலும் கிருமி போயிருக்காது. அதனால்தான் ஆய்வுகளில் சிகிச்சைக்குப் பின் 14, 21ஆம் நாள்களை ஒட்டிப் பாலை மீண்டும் சோதிக்கிறார்கள். நீங்களும் அப்படிச் சோதித்துவிடுங்கள்.

மாதிரியை ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். காம்பைக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். முதல் மூன்று நான்கு பீய்ச்சலைத் தனிப் பாத்திரத்தில் விடுங்கள். தரையில் விட்டால் கிருமி பரவும். காம்பு நுனியை 70% ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு, கிருமி நீக்கிய குப்பியைச் சாய்த்துப் பிடித்து 5 மில்லி பீய்ச்சினால் போதும். மூடியின் உட்புறம் விரல் பட்டால் சாணக் கிருமியெல்லாம் சேர்ந்து வளர்ந்து, முடிவு எதற்கும் உதவாது. ஐஸில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள்.

உங்கள் மாடு இருக்கும் நிலையில், முடிவுக்காக ஒரு நாள் காத்திருப்பதால் குணமாவது கெடுவதில்லை என்பதும் இத்தகைய ஆய்வுகள் காட்டியதுதான். அதுவரை இந்த மாட்டைக் கடைசியாகக் கறங்கள். காய்ச்சல் வந்தாலோ, தீவனத்தை விட்டாலோ, பால் தண்ணீராக மாறினாலோ காத்திருக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஆன்டிபயாடிக் போட நேர்ந்தால் மருந்து அட்டையில் உள்ள நாள் கணக்குப்படி நான்கு காம்புப் பாலையும் கொட்டிவிடுங்கள். மருந்து இரத்தம் வழியாக மற்றக் காம்புகளுக்கும் போகும். கன்றுக்கும் அந்தப் பாலைக் கொடுக்காதீர்கள்.