பூம்பாறைப் பூண்டுக்கு ஆப் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்குக் கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை. சென்னையில் ஆறு வருடம் பிபிஓவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். எங்கள் மலைப்பூண்டு வடுகபட்டி மண்டிக்குப் போய், அங்கிருந்து யார் யார் கைக்கோ மாறி நகரத்துக்குப் போகிறது. நேராக வீடுகளுக்கே அனுப்ப ஓர் ஆப் செய்யலாம் என்று திட்டம். செய்துதர நான்கு லட்சம் கேட்கிறார்கள். பிரைவேட் லிமிடெட் பதிந்து ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் வாங்கினால் முதலீடு வரும் என்கிறான் நண்பன். மலை விவசாயம் பற்றித் தமிழில் வலைப்பூவும் எழுதுகிறேன். எட்டு மாதமாகியும் விளம்பர வருமானம் நூறு டாலரைத் தொடவில்லை. வலைப்பூவை நிறுத்திவிட்டு ஆப்பில் இறங்கலாமா?

ஒரு வாசகர், பூம்பாறை

அன்புள்ள நண்பருக்கு,

ஆப்பை விடுங்கள், வலைப்பூவை விடாதீர்கள். வலைப்பூவில் விளம்பரக் காசு பார்க்கலாம் என்ற நினைப்பையும் சேர்த்து விட்டுவிடுங்கள்.

2004இல் பல வலைப்பூக்களின் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் திரட்டி வந்து, தமிழ் வலைப்பூக்கள் செழித்திருந்த ஆண்டுகளில், தளங்களில் விளம்பரம் போட்டுப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் தமிழை ஏற்கவில்லை. வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013இல் மூடினார்கள். எழுதியவர்களும் படித்தவர்களும் ஃபேஸ்புக் பக்கம் போனார்கள். 2016இல் ஜியோ வந்து டேட்டா மலிந்ததும் கூட்டம் யூடியூபுக்கு நகர்ந்தது. ஆட்சென்ஸ் தமிழை ஏற்றது 2018இல். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்த பாயசம். நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். அது சேராததற்கு உங்கள் எழுத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

உங்கள் தொழில் ஆப்பில் இல்லை, அட்டைப்பெட்டியில் இருக்கிறது. ஃபிளிப்கார்ட் 2007இல் புத்தகத்தோடு தொடங்கியது. புத்தகம் அழுகாது, ஒரு பிரதியைப் போலவே அடுத்த பிரதியும் இருக்கும், எடையும் மாறாது. பூண்டு இந்த மூன்றிலும் நேர் எதிர்.

கூரியர்காரர் எடையை இரண்டு விதமாகப் பார்ப்பார். தராசு காட்டுவது ஒன்று. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுத்து வருவது இன்னொன்று. எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். மளிகைக்கடையில் சும்மா கிடைத்த 30×20×15 பெட்டியில் ஒரு கிலோ பூண்டைப் போட்டால் கணக்கில் 1.8 கிலோ. கட்டணம் அரைக் கிலோ அரைக் கிலோவாக ஏறுவதால் இரண்டு கிலோவுக்குக் கொடுப்பீர்கள். 20×15×12 பெட்டி என்றால் 0.72தான். ஆனால் அதிலும் ஒரு கிலோ போட்டால் பெட்டியும் டேப்பும் சேர்ந்து 1.1 ஆகி, ஒன்றரைக் கிலோ கட்டணத்துக்குத் தாவும். அதனால் 850 கிராம் என்று அச்சிட்டு விற்கலாம். உள்ளே 880 போடுங்கள். பூண்டு வழியிலும் ஈரம் விடும். வாங்கியவர் வீட்டுத் தராசு 830 காட்டினால் நீங்கள் எடையில் ஏமாற்றியதாகத்தான் நினைப்பார். பெட்டி நூறு கிராமுக்குள் இருந்தால் மொத்தமும் ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும்.

பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டாதீர்கள். வேர்த்து, மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். தண்டோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டு, கழுத்து சுருங்கிக் காய்ந்த பூண்டை மட்டும் எடுத்து வலைப்பையில் இட்டு, பக்கத்துக்கு நான்கு துளை போட்ட பெட்டியில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேல்மலை மூடுபனியில் அட்டையே ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும், டேப் ஒட்டாது. அந்த மாதங்களில் பூண்டை மூட்டையாக வத்தலக்குண்டுக்கு இறக்கி அங்கே பெட்டி கட்டுவது நல்லது. மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி நின்றாலும் நனைவது மூட்டையாகத்தான் இருக்கும், விலாசம் ஒட்டிய பெட்டிகளாக இருக்காது.

பொருள் கைக்கு வந்ததும் பணம் என்ற முறையை ஃபிளிப்கார்ட் 2010இல் கொண்டுவந்தபோது நாட்டில் அட்டை வைத்திருந்தவர்கள் குறைவு. இன்று யுபிஐ இருக்கிறது. முன்பணம் இல்லாமல் அனுப்பாதீர்கள். வாங்க மறுத்தால் போன கட்டணமும் திரும்பி வரும் கட்டணமும் உங்கள் தலையில். பத்து நாள் சுற்றிவிட்டு வரும் பூண்டு முளைவிட்டிருக்கும். முதல் சில மாதங்களுக்கு யுபிஐ க்யூஆரும் வாட்ஸ்அப் பிசினஸும் போதும். இணையத்தில் பணம் வாங்கித்தரும் பேமென்ட் கேட்வே சேவை வைத்தால் பொதுவாக இரண்டு சதவீதமும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். 500 ரூபாய்க்கு 11 ரூபாய் 80 காசு.

நண்பர் சொன்ன கம்பெனி விஷயம். ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரத்துக்குப் புதுமையும் வேகமாக விரியும் வாய்ப்பும் காட்ட வேண்டும். முதலீட்டாளர் போட்ட பணம் பல மடங்காக வேண்டும் என்பார். பூம்பாறையின் படிக்கட்டு வயல்களைப் பல மடங்காக்க யாராலும் முடியாது. பிரைவேட் லிமிடெட் என்றால் ஒரு ரூபாய் விற்காவிட்டாலும் ஆண்டுதோறும் ஆடிட், கம்பெனிப் பதிவாளருக்குப் படிவங்கள். ஆண்டுக் கணக்குப் படிவங்கள் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய். நண்பர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். கம்பெனி இல்லாமல் தனியுரிமையாளராக, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். அரசுத் தளத்தில் அது இலவசம், பணம் கேட்கும் தளங்கள் இடைத்தரகர்களுடையவை. பச்சைப் பூண்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. விழுதாக அரைத்தால் வரும். பொட்டலத்தில் என்னென்ன அச்சிட வேண்டும், எஃப்எஸ்எஸ்ஏஐ எனும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு எந்த வகை என்பதைத் திண்டுக்கல் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ப் பொருள் என்ற சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. ஆனால் அந்த முத்திரையைப் பெட்டியில் அச்சிட, சென்னை கிண்டியிலுள்ள பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்திருக்க வேண்டும். ஊர்க்காரன் என்பது மட்டும் போதாது.

இனி வலைப்பூ. சொந்தமாக ஒரு டொமைன், அதாவது தளத்தின் இணையப் பெயர், வாங்குங்கள், உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில். தளம் செய்துதருபவர் தன் பெயரில் பதிந்துவிட்டு, அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது பேரம் பேசுவது சகஜம். முதலாண்டு விலையைப் பார்த்து மயங்காமல் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். போனில் எடுத்த நான்கு எம்பி படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, 150 கேபிக்குள் வையுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று: வலைப்பூப் பதிவின் இணைய முகவரியில் தமிழ் எழுத்து வேண்டாம். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும், முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் கொடுங்கள். 'பூண்டு' என்பது கணினி எழுத்துமுறையான யூனிகோடில் ஆறு குறியீடு. முகவரியை நகலெடுக்கும்போது ஒவ்வொன்றும் சதவீதக் குறியும் எழுத்தும் எண்ணுமாக ஒன்பது இடம் பிடித்து, அந்த ஒரு சொல்லே 54 எழுத்தாகிவிடும். வாட்ஸ்அப்பில் அந்த வாலைப் பார்த்தவர் வைரஸ் என்று பயந்து தொடமாட்டார்.

'பூண்டின் பத்து நன்மைகள்' எழுதாதீர்கள். அதைத் தேடுபவருக்குக் கூகுளே மேலே பதில் சொல்லிவிடுகிறது. கொழுப்பைக் கரைக்கும், சர்க்கரையைக் குறைக்கும் என்று விற்பவர் எழுதினால் சட்டச் சிக்கலும் உண்டு. மலைப்பூண்டையும் தரைப்பூண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, பல் எண்ணிக்கை, தோல் நிறம், நசுக்கினால் வரும் காரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். இந்த வாரம் எந்த வயலில் அறுவடை, மண்டி விலை என்ன, உங்கள் விலை ஏன் கூடுதல் என்று தேதி போட்டு எழுதுங்கள். அதற்கு ஆட்சென்ஸ் பத்துக் காசு தராது. ஆனால் படித்தவர் பெட்டி கேட்பார், உங்கள் காசு அங்கே இருக்கிறது.

ஊரில் யார் யார் மண்டியில் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். விதைப்பூண்டுக்குப் பணம் கொடுத்த மண்டிக்காரருக்குத்தான் அவர்கள் அறுவடை போகும், உங்கள் ஆப் எவ்வளவு அழகாக இருந்தாலும். கடனில்லாத இரண்டு மூன்று பேரிடம் ரொக்கம் கொடுத்து வாங்கி, சென்னையிலுள்ள பழைய சகாக்களுக்குப் பத்துப் பெட்டி அனுப்புங்கள். வந்ததும் பிரிக்காமல் ஒரு படம், பிரித்து ஒரு படம், தராசில் வைத்து ஒரு படம் கேளுங்கள். டெவலப்பருக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் அந்தப் பத்துப் பெட்டிகளின் படங்களும் வரும்வரை கொடுக்காதீர்கள்.

அன்புடன்