சிவப்புக் கூலன்டின் மேல் பச்சையை ஊற்றிவிட்டால்

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டில் வேறு வகை கலந்துவிட்டால், ஒரு முறை வடித்தது போதாது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, நன்றாக ஆறிய பின் வடிப்பதை, தண்ணீர் தெளிவாக வரும்வரை, மூன்று நான்கு முறையாவது செய்ய வேண்டும்.

சிவப்புக் கூலன்ட் இருந்த வண்டியில் பச்சையைக் கலந்துவிட்டு, கழுவிய பின்னும் பழுப்பாகவே வருகிறது என்கிறீர்கள். ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்தால் எஞ்சின் பிளாக்கில் நிற்பது முழுவதும் இறங்காது. சில வண்டிகளில் ஹீட்டரைத் திறக்காவிட்டால் அதற்குள் இருப்பதும் அசையாது; கம்பம் ஊர் வெயிலில் ஹீட்டரை யார் தொடுகிறார்கள்!

ஆகவே ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டரின் கீழ்க்குழாய் சூடேறும்வரை ஓடவிடுங்கள். அது சூடானால்தான் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டில் திறக்கும் வால்வு, திறந்ததாகப் பொருள். வடித்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஓர் இரவு அசையாமல் வையுங்கள். அடியில் வண்டல் படிந்தால் மீண்டும் கழுவலாம். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் கோளாறு கூலன்டில் இல்லை. எஞ்சின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் இடையில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டை மெக்கானிக்கிடம் காட்டாமல் குமுளி மலைப்பாதையில் ஏற வேண்டாம்.

உள்ளே எப்படியும் கொஞ்சம் தண்ணீர் தங்கும் என்பதால், கடைசியில் தண்ணீர் கலந்து விற்கும் கூலன்டை ஊற்றினால் அது நீர்த்துவிடும். கையேட்டில் சொன்ன வகையில் தண்ணீர் கலக்காத கூலன்டை மொத்தக் கொள்ளளவில் பாதி ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். வடித்ததை வாசலில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும், அது நஞ்சு.