வாட் கணக்கை நம்பி டீம் எடுக்கலாமா?

கேள்வி: அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். 13 முதல் 15 வயது வரை 14 பெண்கள் ஹேண்ட்பால் ஆடுகிறார்கள். எல்லோருக்கும் ராஸ்ட் டெஸ்ட் (அடுத்தடுத்து ஆறு முறை ஓடவிடும் சோதனை) வைத்தேன். மெதுவாக ஓடிய பெண்ணுக்குத்தான் அனரோபிக் பவர் (ஆக்ஸிஜனை அதிகம் நம்பாமல் சில விநாடிகளில் உடல் வெளிப்படுத்தும் திறன்) அதிகம் என்று வருகிறது. எங்கே தப்பு? என்னிடம் ஸ்டாப்வாட்ச் மட்டும்தான் இருக்கிறது.

பதில்: டீச்சர், நீங்கள் போட்ட கணக்கில் தப்பில்லை. ராஸ்டில் 35 மீட்டரை ஆறு முறை, நடுவில் 10 விநாடி மட்டும் விட்டு, முழு வேகத்தில் ஓடுகிறார்கள். வாட்டில் வரும் பவருக்கான சூத்திரத்தில் எடையைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, நேரத்தின் கனத்தால் (நேரம் × நேரம் × நேரம்) வகுக்கிறோம். எடை கூடினால் வாட்டும் கூடத்தான் செய்யும். 42 கிலோ பெண் 6.0 விநாடியில் ஓடினால் 238 வாட். 58 கிலோ பெண் 6.5 விநாடி எடுத்தாலும் 259 வாட்! அதையே அவரவர் எடையால் வகுத்துப் பாருங்கள். முதல் பெண்ணுக்குக் கிலோவுக்கு 5.7, அடுத்தவளுக்கு 4.5. கிலோவுக்கு இவ்வளவு என்ற இந்த எண்ணை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். அதற்காக 58 கிலோ பெண்ணை ஒதுக்கிவிடாதீர்கள். கோலைச் சுற்றியுள்ள 6 மீட்டர் கோட்டில் தடுப்பாட்டக்காரர்களை முட்டி இடம்பிடிக்கும் பிவட்டுக்கு அந்த உடல்வாகு பெரிய பலம்.

என்னை அதிகம் உறுத்துவது ஸ்டாப்வாட்ச்தான். கை 0.2 விநாடி முன்னே பின்னே போவது சாதாரணம். சூத்திரத்தில் நேரம் மூன்று முறை பெருக்கப்படுவதால், அதே 42 கிலோ பெண்ணுக்கு 6.0 என்பது 5.8 ஆனால் 238 வாட் 264 ஆகிவிடும். அவள் ஒரு துளிகூட முன்னேறவில்லை, உங்கள் கட்டைவிரல்தான் முந்திக்கொண்டது. எட்டு வாரப் பயிற்சியில் வரும் முன்னேற்றம் இதற்குள்ளேயே மறைந்துபோகும்.

அதனால் முதலில் 10 மீட்டரும் 20 மீட்டரும் தனியாக ஓடவிடுங்கள். ஹேண்ட்பால் மைதானத்தின் நீளமே 40 மீட்டர். ஆட்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முதல் சில எட்டுகள். செல்போனை ஸ்லோமோஷனில் போட்டு, இரு கோடுகளும் தெரியும்படி பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். விசில் வேண்டாம், அவர்களாகவே கிளம்பட்டும். பின்கால் நகர்ந்த ஃபிரேமிலிருந்து இடுப்பு கோட்டைத் தாண்டும் ஃபிரேம் வரை எண்ணி, விநாடிக்கு எத்தனை ஃபிரேமோ அதால் வகுத்தால் நேரம் கிடைக்கும். அடுத்த முறையும் போன் அதே இடத்தில், அதே உயரத்தில் இருக்க வேண்டும். ஆளுக்கு மூன்று ஓட்டம், நடுவில் மூன்று நிமிட ஓய்வு, அதில் சிறந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ராஸ்ட். அதை ஆடுகளத்துக்குள் வைக்காதீர்கள், 35 மீட்டர் போக வேகத்தைக் குறைக்க 5 மீட்டர்தான் மிஞ்சும். வெளி மைதானமே நல்லது. ஓட்ட நேரத்துக்கு ஒருவர், 10 விநாடி இடைவெளிக்கு ஒருவர் என இருவர் வேண்டும். பிள்ளைகள் ஆறு ஓட்டம் இருக்கிறதே என்று முதல் ஓட்டத்தில் அடக்கி வாசிப்பார்கள். வேறொரு நாளில் ஒரே ஒரு 35 மீட்டர் ஓடவிட்டு நேரம் குறித்து வையுங்கள். ராஸ்டின் முதல் ஓட்டத்துக்கு அதைவிட நன்றாகக் கூடுதல் நேரம் எடுத்திருந்தால் அந்த டெஸ்ட் செல்லாது.

இந்த வயதில் உயரமும் எடையும் மாதத்துக்கு மாதம் மாறும். ஒவ்வொரு டெஸ்ட் அன்றும் அவற்றையும் அளந்து, ஒருத்தியை அவளுடைய பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். வழக்கமாகத் தாக்குப்பிடிக்கும் பெண் கடைசி இரண்டு மூன்று ஓட்டங்களில் திடீரெனத் துவண்டால், சோம்பேறி என்று திட்டிவிடாதீர்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு (100 மில்லி) 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. பள்ளியில் வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, பைக்குள் போட்டுவிடுகிறாளா என்றும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.