கணுக்காலில் கட்டும் துப்பாக்கி உறை குமரி மாவட்டத்துக்கு ஒத்துவருமா?

மார்த்தாண்டம் பகுதியில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் ஒருவர், தம்மிடம் உரிமம் பெற்ற .32 ரிவால்வர் இருப்பதாகவும், இடுப்பில் வைத்தால் சட்டைக்கு மேல் துருத்திக்கொண்டு தெரிவதாகவும், கணுக்காலில் கட்டும் உறை நடைமுறைக்கு உதவுமா என்றும் கேட்டிருக்கிறார். மத்திய ஆயுதப் படையில் இருந்து ஓய்வு பெற்று நாகர்கோவிலில் வசிக்கும் நான், பணிக்காலத்தில் சாதாரண உடைப் பாதுகாப்புப் பணியின்போது இவ்வகை உறையைக் கட்டிப் பழகியவன். நாளின் பெரும்பகுதியைக் காருக்குள் உட்கார்ந்தே கழிப்பவருக்கு, அதுவும் பேண்ட்டும் ஷூவும் வழக்கமாக அணிபவருக்கு, அது ஓரளவு பயன்படும். கேட்டவரைப் போல ஒரே ஒரு துப்பாக்கி வைத்துக்கொண்டு, கடைக்கும் தோட்டத்துக்கும் அலைபவருக்கு அது ஏற்றதல்ல என்பதே என் கருத்து.

மறைத்து வைத்துக்கொள்வது குறித்துப் பலருக்கும் ஒரு தயக்கம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்குரிய உறையில் வைத்து, வெளியே தெரியாதபடி முழுவதும் மூடி, தம் கட்டுப்பாட்டில் இருக்கும்படிதான் கொண்டுசெல்ல வேண்டும். ஆகவே மறைப்பது தவறல்ல. வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு திரிவதுதான் தவறு. சரக்கோடு களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போகிறவர், உரிமத்தில் எழுதியுள்ள எல்லை அதற்கு இடம் தருகிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த உறை அமெரிக்கக் காவலர்களிடையே பரவலானது, இடுப்பில் இருக்கும் முதன்மைத் துப்பாக்கி பறிபோனாலோ பழுதானாலோ கைகொடுப்பதற்காக வைத்துக்கொள்ளும் இரண்டாவது துப்பாக்கிக்காகத்தான். அதற்கென அவர்கள் தேர்ந்தெடுத்தவையும் சிறியவை: ஐந்து தோட்டா கொள்ளும், ஏறத்தாழ 400 கிராம் எடையுள்ள குட்டை ரிவால்வர்கள், அல்லது 300 கிராமுக்கும் குறைவான சிறு பிஸ்டல்கள். நம் நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் கான்பூர் தயாரிப்பான .32 ரிவால்வரோ ஆறு தோட்டா கொள்ளும் உருளையோடு ஏறத்தாழ 700 கிராம் எடை கொண்டது. 2014இல் வெளிவந்த, பெண்களுக்கென எடை குறைத்துச் செய்யப்பட்ட நிர்பீக் என்ற .32 ரிவால்வர் கூட, டைட்டானியம் கலந்த உலோகத்தால் செய்யப்பட்டும், 500 கிராம் இருக்கிறது. இடுப்பில் 700 கிராம் என்பது சிறிது நேரத்தில் மறந்துபோகும் சுமை. கணுக்காலிலோ ஒவ்வோர் அடிக்கும் வீசி வீசித் தன்னை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். நடையே மாறிவிடும் என்பதால், விவரம் தெரிந்தவன் தூரத்திலிருந்தே கண்டுகொள்வான். மேலும், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்ற நிலையில், துணைக்கென இன்னொரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது நம்மில் பெரும்பாலோருக்கு எளிதல்ல.

எடுக்கும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வாங்குபவர்கள் கடைசியாக நினைப்பது அதைத்தான். வலக்கைப் பழக்கமுள்ளவர் இந்த உறையை இடக்காலின் உட்புறத்தில், பிடி பின்னோக்கி இருக்குமாறு கட்டுவார். தேவை வரும்போது இடக்காலை ஓர் எட்டு முன்வைத்து, வலது முழங்காலைத் தரையில் ஊன்றி, இடக்கையால் பேண்ட்டை முழங்கால் பக்கமாக இழுத்து உயர்த்தி, வலக்கைக் கட்டைவிரலால் உறையின் பூட்டுப் பட்டையைத் தள்ளிவிட்டு, பிறகே பிடியைப் பற்ற முடியும். இத்தனைக்கும் இரண்டு கைகளும் வேண்டும், நின்ற இடத்தைவிட்டு நகர முடியாது, பார்வையும் தலையும் தாழ்ந்திருக்கும். பணப்பையைப் பறிக்க வருபவன் இரண்டு முழ தூரத்தில் நிற்கும்போது இது நடக்கிற காரியமா என்பதை, துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருமுறை உறுதி செய்துகொண்ட பிறகு, வீட்டுக்குள் ஒருமுறை செய்து பார்த்தாலே புரிந்துவிடும்.

காருக்குள் கதை வேறு. சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கையில் இடுப்பில் உள்ள துப்பாக்கியைத் தொடுவதே சிரமம். கணுக்காலோ கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். ஓட்டுநர் வேறொருவராக இருந்து, பின்னிருக்கையில் அமர்ந்து வருபவருக்கு இந்த உறையைவிட வசதியானது இல்லை என்றே சொல்வேன். தாமே ஓட்டுபவருக்கு அவ்வளவு நல்லதல்ல, ஏனென்றால் கிளட்ச் மிதிக்கிற காலும் அதே இடக்கால்தான். மோட்டார் சைக்கிளில் இன்னும் மோசம்: கியர் மாற்றும் காலில், எஞ்சினை ஒட்டிய உட்புறத்தில் துப்பாக்கி உரசிக்கொண்டே வரும்.

பிறகு நம் உடை. கடையில் சாரம், கல்யாண வீட்டுக்கு வேட்டி என்று இருக்கிற ஊரில், மடித்துக் கட்டிய மறுநொடி ரகசியம் அம்பலமாகிவிடும். பேண்ட்டே அணிந்தாலும், ஷூவைக் கழற்றி வாசலில் விட்டு, உள்ளே போய்ச் சம்மணமிட்டு இலை முன் உட்கார வேண்டிய வீடுகள்தாம் நமக்கு அதிகம். ஆரல்வாய்மொழிக் காற்றில் தொளதொளப்பான பேண்ட் காலோடு ஒட்டிக்கொண்டு உறையின் வடிவத்தை அச்செடுத்துக் காட்டுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

பராமரிப்பிலும் நம் மாவட்டம் இரக்கம் காட்டாது. இரண்டு பருவமழையும் பெய்யும் இடம். குளச்சல் பக்கம் என்றால் உப்புக்காற்று. பேச்சிப்பாறை, கீரிப்பாறைத் தோட்டங்கள் என்றால் ஈரப்புல்லும் சேறும் கணுக்கால் உயரத்தில்தான் இருக்கும். தூசியும் சாக்ஸின் நூலிழைகளும் உருளைக்கும் சுத்தியலுக்கும் இடையே புகுந்துவிடும். வியர்வை பட்ட எஃகு விரைவில் துருவேறும். தினமும் இரவில் தோட்டாக்களைக் கழற்றித் துடைத்து, லேசாக எண்ணெய் பூசிவைக்கும் பொறுமை இல்லாதவர் இதைத் தொடவே கூடாது.

துருத்துவதுதான் குறை என்றால், இடுப்புப் பட்டைக்கு உட்புறமாகச் செருகும் உறையை வலப்புறம், இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் வைத்து, உறுதியான அகன்ற பெல்ட் அணிந்து, அரைக்கைச் சட்டையை ஒரு அளவு பெரிதாகத் தைத்து வெளியே விட்டுக்கொண்டால் போதும். கோடுகளோ பூக்களோ போட்ட துணி, வெற்று வெள்ளையைவிட நன்றாக மறைக்கும். அதன் பிறகும் காருக்காகக் கணுக்கால் உறைதான் வேண்டும் என்று கேட்டவர் நினைத்தால், கெண்டைக்காலுக்குக் கீழே சரியாதபடி மேல்பட்டை உள்ளதா, உட்புறம் தடித்த மெத்தை உள்ளதா, விசைப் பகுதி முழுவதும் மூடப்படுகிறதா, பூட்டுப் பட்டையைப் போட்ட நிலையில் உறையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் துப்பாக்கி நழுவாமல் நிற்கிறதா என்பதையெல்லாம் தோட்டா இல்லாத துப்பாக்கியை வைத்துச் சோதித்துவிட்டு வாங்கட்டும்.