முனைவர் படிப்பை விட்டுவிடலாமா?

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, எனக்கு 27 வயது. பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்தவள். இப்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் தாவர உயிரியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது இரண்டாம் ஆண்டு. காலை 8 மணிக்கு ஆய்வுக்கூடத்துக்குப் போனால் விடுதிக்குத் திரும்ப இரவு 11 ஆகிறது. மேற்பார்வையாளரின் மானியத் திட்ட வேலை, இளங்கலை மாணவர்களின் செய்முறை வகுப்பு, அவர்களுடைய அறிக்கைகளைத் திருத்துவது எல்லாம் முடிந்த பிறகே என் ஆய்வேட்டைத் தொட முடிகிறது. எழுதிய கட்டுரை இரண்டு ஆய்விதழ்களிலிருந்து திரும்பி வந்துவிட்டது. 4 மணி நேரத்துக்கு மேல் தூங்கி மாதக்கணக்காகிறது. அப்பா 30 வருடம் பால்மரம் வெட்டியவர், இப்போது ஒரு தொழிற்சாலையில் ஜாகா (இரவுக் காவல்) வேலை பார்க்கிறார். என் முதல் பருவக் கட்டணத்துக்காக அம்மா அடகு வைத்த சங்கிலி இன்னும் மீட்கப்படவில்லை. ஊருக்குப் போனால் "டாக்டர் வந்துட்டாங்க" என்கிறார்கள். வெயிலிலும் கொசுக்கடியிலும் உழைத்தவர்களின் மகள், குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு களைப்பு என்று சொல்வது நியாயமா? சில இரவுகளில், காலையில் கண் விழிக்காமலே போனால் நிம்மதி என்று தோன்றுகிறது. நான் சோம்பேறியா? படிப்பை விட்டுவிடலாமா? உங்கள் மகள் வயதுதான் எனக்கு இருக்கும், ஒருமையிலேயே எழுதுங்கள்.
— பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: அன்பு மகளே, நீ கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் முன்னால், கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரிக்கு நான் பதில் சொல்ல வேண்டும். காலையில் கண் விழிக்காமலே போனால் நிம்மதி என்று தோன்றுவது களைப்பின் பேச்சு மட்டுமல்ல; அது மருத்துவ உதவி தேட வேண்டிய நிலை. இந்த வாரத்துக்குள் பல்கலைக்கழகச் சுகாதார மையத்துக்கோ ஆலோசனைப் பிரிவுக்கோ போய், எனக்கு எழுதிய அதே சொற்களை அங்கும் சொல். அங்கே போகக் கூச்சமாக இருந்தால் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போகலாம். பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான். அந்த எண்ணம் வரும்போது சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண்ணான 15555-ஐ அழைக்கலாம். பிஃப்ரண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கேட்பதற்கு ஆள் இருப்பார்கள். ஆலோசகரிடம் சொன்னால் மேற்பார்வையாளரின் காதுக்குப் போய்விடுமோ என்று நீ அஞ்சலாம். நம் மலேசியாவில் ஆலோசகர்கள் 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றே பணியாற்ற வேண்டும். உன் உயிருக்கு ஆபத்து என்று அவர்கள் அஞ்சினால் ஒழிய, சொன்னதை வெளியில் சொல்லாமல் காப்பது அவர்களுடைய தொழிலின் அடிப்படை. அந்த எண்ணம் வெறும் எண்ணமாக நிற்காமல், எப்படி என்று யோசிக்கும் அளவுக்குப் போனால், இந்தப் பதிலின் மீதியைப் படிப்பதை நிறுத்திவிட்டு, பக்கத்து அறைப் பெண்ணை எழுப்பி, உன்னோடு மருத்துவமனைக்கு வரச் சொல்.

இப்போது உன் கேள்விகளுக்கு வருகிறேன். நீ சோம்பேறி அல்ல. நாள்தோறும் 15 மணி நேரம் வேலையில் நிற்கும் ஒருத்தி இப்படிக் கேட்கிறாள் என்பதே, தன்னை அளந்து பார்க்கும் கண் அவளுக்கு எவ்வளவு பழுதாகிவிட்டது என்பதைக் காட்டுகிறது. இதில் நீ தனி ஆளும் அல்ல. 2018-இல் 'நேச்சர் பயோடெக்னாலஜி' என்ற ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வில், 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேர் பதிலளித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் உன்னைப் போன்ற முனைவர் பட்ட மாணவர்கள். மிதமான அல்லது கடுமையான மனப்பதற்றம் 41 விழுக்காட்டினரிடமும், அதே அளவிலான மனச்சோர்வு 39 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. பொதுமக்களிடையே இவை ஒவ்வொன்றும் 6 விழுக்காடுதான். பதிலளித்தவர்கள் தாமாக முன்வந்தவர்கள் என்பதால் அந்த எண்ணை அப்படியே எல்லா மாணவர்களுக்கும் பொருத்திவிடக் கூடாது என்பது உனக்கே தெரியும். ஆனால், அதற்கு முந்தைய ஆண்டில் வெளியான, பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட மாணவர்களிடம் நடத்திய ஆய்வும், மூவரில் ஒருவர் மனநலக் கோளாற்றுக்கு ஆளாகும் ஆபத்தில் இருப்பதாகவே கண்டது. எவற்றோடு அந்த ஆபத்து தொடர்புடையதாக இருந்தது என்று பார்: வேலையின் கனம், வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான இழுபறி, தன் வேலையைத் தானே வகுத்துக்கொள்ள எவ்வளவு இடமிருக்கிறது என்பது, மேற்பார்வையாளர் நடத்தும் விதம். அந்தப் பட்டியலில் சோம்பல் இல்லை.

வெயிலில் உழைத்தவர்களின் மகள் குளிர்சாதன அறையில் களைத்துப்போவது நியாயமா என்று கேட்டிருக்கிறாய். நானும் கித்தாக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், வளர்ந்தவள் என்பதால் இந்தக் கேள்விக்கு நிதானமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். உன் அப்பாவின் வேலை கடுமையானது. அதற்குக் கிடைத்த கூலி அந்த உழைப்புக்கு ஒருநாளும் ஈடானதில்லை. ஆனால் அந்த வேலைக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருந்தன. இருட்டோடு எழுந்து பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) பெயர் கொடுத்து, விடியும் நேரத்தில் தன் மர வரிசையான நிரைக்குள் நுழைந்தால், வெயில் ஏறிப் பால் ஓட்டம் குறைவதற்குள் வெட்டி முடித்துவிட வேண்டும். பிறகு மரத்தில் கட்டிய மங்குக் கோப்பைகளில் சேர்ந்த பாலை எடுத்து, ஸ்டோருக்குச் சுமந்துபோய், தராசில் வைத்தால், இன்று இவர் இவ்வளவு கொண்டுவந்தார் என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி ஏட்டில் எழுதிவிடுவார். உறைந்து ஒட்டிக்கொண்ட ஒட்டுப்பாலுக்குக்கூட எடை உண்டு. நேற்றைவிட இன்று குறைந்தால் ஏன் குறைந்தது என்பதும் தெரியும்: மழை பெய்தது, இலை உதிர்ந்தது, காய்ச்சலாக இருந்தது. மாலையில் வாசலில் உட்காரும்போது இன்றைய வேலை முடிந்தது என்ற நினைப்பாவது அவருக்கு இருந்தது.

உனக்கு அந்தத் தராசு இல்லை. நீ மூன்று மாதம் செய்த சோதனை பலிக்காமல் போனால் அது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. நூறு அறிக்கைகளைத் திருத்தியது ஆய்வேட்டில் ஒரு பக்கமாகவும் ஆகாது. இரவு 11 மணிக்கு அறைக்கு வந்தாலும், படிக்காத கட்டுரைகள் இன்னும் இருக்கின்றன என்ற நினைவு கூடவே வந்து படுக்கையில் உட்கார்ந்துகொள்கிறது. எங்கே முடிகிறது என்று யாரும் சொல்லாத வேலையில் மனம் ஒருபோதும் கீழே இறங்குவதில்லை, உடல் எவ்வளவு சொகுசான அறையில் இருந்தாலும் சரி. ஆகவே உன் களைப்பை அப்பாவின் களைப்போடு ஒப்பிட்டு, அது சிறியது என்று நீயே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதே. இரண்டும் வெவ்வேறு வகை.

இன்னொன்றும் உன் அப்பாவுக்குத் தெரியும், கேட்டுப் பார். இன்று வெட்டிய மரத்தை வழக்கமாக நாளைக்கு வெட்டுவதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் அதே நிரைக்குத் திரும்பி வருவார்கள். கூடுதல் பாலுக்கு ஆசைப்பட்டு ஓய்வில்லாமல் வெட்டினால், வெட்டுப்பட்டை காய்ந்து, எவ்வளவு கீறினாலும் பால் வராத நிலைக்கு மரம் போய்விடும். தாவர உயிரியல் படிக்கும் உனக்கு, அது பாலை உண்டாக்கும் திசுக்களின் சோர்வு என்று என்னைவிட நன்றாகவே விளக்கத் தெரியும். அப்படிக் காய்ந்த மரத்தை வெட்டாமல் விட்டுவைப்பதுதான் முதல் வைத்தியம். எல்லா மரமும் தேறுவதுமில்லை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. நீ மாதக்கணக்காக அதில் ஏறக்குறைய பாதியை மட்டும் உடம்புக்குக் கொடுத்துக்கொண்டு, கட்டுரை ஏன் சரியாக வரவில்லை என்று கேட்கிறாய்.

என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் கற்பித்துக்கொண்டே நான் பகுதி நேரமாக முதுகலை ஆய்வு செய்த காலத்தில், நான் கொடுத்த ஓர் அத்தியாயம் 7 மாதம் படிக்கப்படாமலே மேற்பார்வையாளரின் மேசையில் கிடந்தது. எழுத்து மோசமாக இருப்பதால்தான் அவர் தொடவில்லை என்று நானாக முடிவு செய்துகொண்டு, ஒருமுறைகூடக் கேட்காமல், அந்த 7 மாதமும் அதே அத்தியாயத்தை வீட்டில் திருப்பித் திருப்பி எழுதினேன். கடைசியில் கேட்டபோது, அவர் மறந்துபோயிருந்தார். என் எழுத்தைப் பற்றி அவருக்கு எந்தக் கருத்துமே இருக்கவில்லை. கேட்காமல் இருந்ததை அன்று நான் பணிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகள் பலர் இப்படித்தான் வாய் திறக்காமல் நலிந்துபோகிறார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு வருத்தமும் கோபமும் சேர்ந்தே வருகின்றன.

எனவே நீ செய்ய வேண்டியது இது. ஒரு தாளை எடுத்து, கடந்த இரண்டு வாரத்தில் உன் நேரம் எங்கே போயிற்று என்று எழுது: மானியத் திட்ட வேலைக்கு எத்தனை மணி, செய்முறை வகுப்புக்கு எத்தனை, திருத்துவதற்கு எத்தனை, உன் சொந்த ஆய்வேட்டுக்கு எத்தனை. அந்தத் தாளோடு மேற்பார்வையாளரைச் சந்திக்க நேரம் கேள். "கஷ்டமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால், எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவர் முடித்துவிடலாம். "ஆய்வேட்டுக்கு வாரம் 6 மணி நேரம்தான் கிடைக்கிறது, இப்படியே போனால் உரிய காலத்தில் முடிக்க முடியாது, இவற்றில் எதைக் குறைக்கலாம் என்று நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்டால், அவர் தாளைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருக்கும். மாணவர்கள் உரிய காலத்தில் முடிப்பது துறைக்கும் அவருக்கும் கணக்கில் வரும் விஷயம் என்பதால், பெரும்பாலான மேற்பார்வையாளர்கள் இதைக் காது கொடுத்துக் கேட்பார்கள். சந்திப்பு முடிந்த அன்றே, பேசி முடிவு செய்தவற்றை நான்கு வரியில் மின்னஞ்சலாக அவருக்கு அனுப்பிவிடு. அடுத்த மாதத்துக்குள் என்ன முடித்தால் போதும் என்பதும் அதில் இருக்கட்டும். நான் சொன்ன தராசு அதுதான். அது நிறைந்த நாளில் நீ குற்ற உணர்வில்லாமல் கதவைப் பூட்டிவிட்டுப் போகலாம்.

அவர் கேட்கவே மறுத்தால், உன் மேற்பார்வைக் குழுவில் இணை மேற்பார்வையாளர் இருப்பார், அவரிடம் போ. அதற்கும் மேலே புலத்தில் முதுநிலைப் படிப்புகளைக் கவனிக்கும் துணை டீன் இருப்பார். ஒவ்வொரு பருவத்திலும் நீ எழுதிக் கொடுக்கும் முன்னேற்ற அறிக்கையில் "எல்லாம் சரியாக நடக்கிறது" என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடு. பின்னால் சிக்கல் வரும்போது அந்தத் தாள்தான் உனக்காகப் பேசும், அல்லது உனக்கு எதிராகப் பேசும்.

கட்டுரை இரண்டு முறை திரும்பி வந்ததைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. ஆய்வுலகில் எல்லாருடைய கட்டுரையும் திரும்பி வருகிறது. நீ மதிக்கும் பேராசிரியர்களுடையதும்தான். திருத்துநர்களின் குறிப்புகளை உன் ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே கட்டுரை வெளியிட்ட ஒரு மூத்த மாணவரோடு உட்கார்ந்து படி. ஒன்றை மட்டும் எச்சரித்துவிடுகிறேன்: பட்டம் பெறக் கட்டுரை வேண்டும் என்ற அவசரத்தைத் தெரிந்துகொண்டு, பணம் கட்டினால் இரண்டு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று வரும் மின்னஞ்சல்களை நம்பி, அம்மாவின் இன்னொரு நகையை அடகுக் கடைக்கு அனுப்பிவிடாதே.

அம்மாவின் சங்கிலிதான் உன் நெஞ்சில் அதிகம் கனக்கிறது என்று நினைக்கிறேன். அதனால்தான் வீட்டில் எதையும் சொல்லாமல் சிரித்துவிட்டு வருகிறாய். ஆனால் யோசித்துப் பார்: உன் பெற்றோர் சங்கிலியைக் கொடுத்தது உன் வாழ்க்கை நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக, பட்டத்துக்கு ஈடாக உன்னை அடகு வைக்க அல்ல. அவர்களுக்கு ஆய்விதழ் என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். களைப்பு என்றால் என்னவென்று அவர்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அடுத்த முறை ஊருக்கு வரும்போது, கூட்டமாக இருக்கும் பெருநாள் சமயமாகப் பார்க்காமல், ஒரு சாதாரண வார இறுதியில் வா. அப்பா இரவு வேலை முடிந்து வந்து தூங்கி எழுந்த பிறகு, தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, "எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குதுப்பா" என்ற ஒரு வாக்கியத்தோடு ஆரம்பி. "டாக்டர் வந்துட்டாங்க" என்று சொல்லும் பக்கத்து வீட்டாரிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை; அவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள், அதைக் கடனாக எழுதிக்கொள்ளாதே.

படிப்பை விடுவதா வேண்டாமா என்பதை இன்று முடிவு செய்யாதே. தூங்காத தலை கொடுக்கும் தீர்ப்பை, தொடர் என்று சொன்னாலும் விடு என்று சொன்னாலும், நான் நம்பமாட்டேன். முதலில் மருத்துவரைப் பார். மேற்பார்வையாளரிடம் தாளோடு பேசு. பிறகு இரண்டு மாதம் கழித்து யோசி. மருத்துவர் ஓய்வு தேவை என்றால், ஒரு பருவத்தை ஒத்திவைக்கப் பல்கலைக்கழகங்களில் வழி இருக்கிறது. உபகாரச் சம்பளம் பெறுகிறாய் என்றால் அதன் நிபந்தனைகளை மட்டும் முன்கூட்டியே படித்துவிடு. முனைவர் பதிவை முதுகலையாக மாற்றிக்கொண்டு, செய்த ஆய்வை வீணாக்காமல் வெளியேறவும் பல இடங்களில் இடமுண்டு. இரண்டு மாதத்துக்குப் பிறகும், நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில், இந்த ஆய்வில் எனக்கு விருப்பமில்லை என்று உனக்குத் தோன்றினால், விட்டுவிட்டு வா. அப்படி வருவதில் எந்த இழிவும் இல்லை. நானே உன் அம்மாவிடம் வந்து பேசுகிறேன். விருப்பம் இன்னும் இருக்கிறது என்று தெரிந்தால் தொடர்ந்து செய், ஆனால் இப்போது செய்யும் விதத்தில் அல்ல.

சுகாதார மையத்துக்குப் போய்வந்த பிறகு எனக்கு ஒரு வரி எழுது. அது இந்தப் பகுதியில் அச்சாகாது. நான் தெரிந்துகொள்வதற்காக மட்டும்.